பல்கலைக்கழக நூலகத்தில் கையில் எடுத்த நூல் எந்த வகை? புதியவர்களுக்கு ஒரு செய்முறை

ஆய்வு மாணவராகச் சேர்ந்த புதிதில், 600 பக்க நூல் ஒன்றை முதல் பக்கத்திலிருந்து வரி விடாமல் படிக்கத் தொடங்கினேன். மூன்று வாரம் ஓடியும் பாதியைத் தாண்டவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது பலர் எழுதிய தனித்தனிக் கட்டுரைகள் அடங்கிய கையேடு. எனக்கு வேண்டியிருந்தது அதில் ஒரே ஒரு கட்டுரை. அந்த மூன்று வாரமும் வீணானது எனக்கு இன்னும் வருத்தம்தான். முதல்முறை பல்கலைக்கழக நூலகத்துக்குள் நுழைகிறவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான்: முதலில் நூலின் வகையைக் கண்டுபிடியுங்கள். வகை தெரிந்துவிட்டால், அதை எங்கே திறப்பது, எவ்வளவு படிப்பது, எவ்வளவு நம்புவது என்பதெல்லாம் தானாகப் பிடிபடும்.

படி 1: அழைப்பெண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நூலகத்தார் ‘ஓபாக்’ என்று சொல்லும் கணினிப் பட்டியலில் தேடி, நூலின் முதுகில் ஒட்டியிருக்கும் அழைப்பெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நூல்களைத் துறைவாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் முறைக்குப் பகுப்பு என்று பெயர். பல நூலகங்கள் அமெரிக்க நூலகர் மெல்வில் டியூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பைப் பின்பற்றுகின்றன. அதில் அறிவுத்துறைகள் எல்லாம் 000 முதல் 999 வரை பத்துப் பெரும்பிரிவுகளாக நிற்கும். 100 மெய்யியல், 300 சமூக அறிவியல், 500 அறிவியல், 900 வரலாறும் புவியியலும். தமிழ்மொழி 494.811, தமிழ் இலக்கியம் 894.811. நம் நாட்டு நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பைப் பின்பற்றும் நூலகங்களும், எழுத்தில் தொடங்கும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகப் பகுப்பைப் பின்பற்றும் நூலகங்களும் உண்டு. உங்கள் நூலகத்தில் எது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

புள்ளிக்குப் பின் வரும் எண்களில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். 894.811 முதலில் வரும், 894.9 அதற்குப் பின்னால் வரும். 811 பெரிய எண் ஆயிற்றே என்று அடுத்த அடுக்கில் தேடக்கூடாது. புள்ளிக்குப் பின் ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட வேண்டும். 8 முந்தியது, 9 பிந்தியது, அவ்வளவுதான்.

இன்னொன்று, ஒரு பொருள் பற்றிய நூல்கள் ஒரே அடுக்கில் இருக்கும் என்று நம்பாதீர்கள். கோயில்களைப் பற்றிய நூல் சமயமாகக் கருதப்பட்டால் 200-களிலும், கட்டடக்கலையாகக் கருதப்பட்டால் 720-களிலும், வரலாறாகக் கருதப்பட்டால் 900-களிலும் போய் உட்கார்ந்திருக்கும். இதற்கு ஒரு வழி: பொருத்தமான நூல் ஒன்று கிடைத்ததும், கணினிப் பட்டியலில் அதன் பதிவைத் திறந்து, அங்குள்ள ‘பொருள் தலைப்பு’ என்ற இணைப்பைச் சொடுக்குங்கள். வேறுவேறு அடுக்குகளில் சிதறிக் கிடக்கும் அதே பொருள் பற்றிய நூல்கள் ஒரே பட்டியலாக வந்து நிற்கும்.

படி 2: பார்வை நூல் பகுதியில் அரைமணி நேரம்

அகராதி, கலைக்களஞ்சியம், ஒரு துறையின் நூல்களைப் பட்டியலிடும் நூலடைவு, ஒரு நூலில் எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டும் சொல்லடைவு, நிலப்படத் தொகுதி எல்லாம் இங்கே இருக்கும். பெரும்பாலும் வீட்டுக்குத் தர மாட்டார்கள். புதிய தலைப்பில் நுழையும்போது முதலில் கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றைப் படியுங்கள். அதிலிருந்து கலைச்சொற்களும் காலவரிசையும் முக்கியமான ஆய்வாளர்களின் பெயர்களும் கிடைக்கும். ஆய்வேட்டில் மேற்கோள் காட்டுவதற்கு அது போதாது, தொடங்குவதற்குத் தாராளமாகப் போதும்.

பல தொகுதிகளாக வந்த நூல் என்றால் ஒவ்வொரு தொகுதியின் ஆண்டையும் தனியாகப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. அதன் ஆறு தொகுதிகளும் 1924 முதல் 1936 வரை வந்தன, அனுபந்தம் 1939-இல் முடிந்தது. இப்படிப்பட்ட நூலுக்கு ‘வெளியான ஆண்டு’ என்று ஒன்றை மட்டும் எழுதினால் பிழையாகிவிடும்.

படி 3: ஐந்து நிமிடச் சோதனை

நூல் கைக்கு வந்ததும் நின்றபடியே நான்கு இடங்களைப் பாருங்கள்.

தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் மட்டும் இருக்கிறதா, ‘பதிப்பாசிரியர்’ அல்லது ‘தொகுப்பாசிரியர்’ என்று இருக்கிறதா? அதன் பின்புறத்தில் எந்த ஆண்டு? அங்கே மறுஅச்சையும் திருத்திய பதிப்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 1965-இல் எழுதப்பட்டு 2010-இல் மறுஅச்சான நூலில் உள்ள கருத்துகள் 1965-ஆம் ஆண்டுக் கருத்துகள்தான், தாள் மட்டுமே புதிது. அடுத்தது பொருளடக்கம்: ஒவ்வோர் இயலின் கீழும் வேறுவேறு பெயர்கள் இருந்தால் அது கட்டுரைத் தொகுப்பு. கடைசியாக நூலின் பின்பகுதி. துணைநூற்பட்டியலும், எந்தப் பொருள் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் பொருளகராதியும் இருந்தால் ஆய்வாளர்கள் பயன்படுத்துவதற்காக உழைத்துச் செய்த நூல் என்று பெரும்பாலும் கொள்ளலாம். பொருளகராதியில் உங்கள் தலைப்புக்கு எத்தனை பக்க எண்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டுதான் என்றால் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு நகரலாம்.

படி 4: வகைக்கு ஏற்றபடி படியுங்கள்

*தனிப்பொருள் ஆய்வு நூல்.* மோனோகிராஃப் என்று துறையில் சொல்வது இதைத்தான். ஓர் ஆசிரியர், ஒரு கேள்வி, நூல் முழுக்க ஒரே வாதம். முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் திருத்தி எழுதியவை இதில் நிறைய உண்டு. முன்னுரையையும் முடிவுரையையும் முதலில் படியுங்கள். ஆசிரியர் எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேர்கிறார் என்று தெரிந்துவிடும். பிறகு உங்களுக்கு வேண்டிய இயல். பிடித்துப்போனால் முழுவதையும் படியுங்கள். இங்கே சொல்லும் எல்லா வகை நூல்களிலும் முழுதாகப் படிக்கத் தகுந்தது என்றால் இதுதான்.

*கட்டுரைத் தொகுப்பும் கையேடும்.* வேண்டிய கட்டுரையை மட்டும் எடுங்கள். மேற்கோள் காட்டும்போது கட்டுரை எழுதியவரின் பெயர் முதலில் வர வேண்டும், தொகுத்தவர் பெயர் பிறகு. அட்டையில் இருக்கும் பெயரைப் பார்த்து, சொல்லாத கருத்தைத் தொகுப்பாசிரியர் தலையில் ஏற்றிவிடுவது புதியவர்களிடம் அடிக்கடி நடக்கிறது. ஒரே ஆய்வாளர் பல இதழ்களில் எழுதியவற்றை ஒன்றாகக் கட்டிய தொகுப்புகளும் உண்டு. சிலவற்றில் இதழில் இருந்த பழைய பக்க எண்கள் அப்படியே இருக்கும். 214-ஆம் பக்கத்துக்கு அடுத்து 31-ஆம் பக்கம் வந்தால் நூலைக் கட்டியதில் பிழை என்று நினைத்துவிட வேண்டாம்.

*ஆய்வுப் பதிப்பு.* இந்த வகைமேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. பழைய நூல் ஒன்றுக்குக் கிடைத்த சுவடிகளை எல்லாம் ஒப்பிட்டு, ஆசிரியர் எழுதியதற்கு மிக நெருக்கமான மூலபாடம் எது என்று ஒருவர் பல்லாண்டு உழைத்து நிறுவியிருப்பார். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது செய்தது இந்த உழைப்பைத்தான். ஏட்டைப் பெயர்த்தெழுதியவர் கையில் ஓர் எழுத்து மாறும், அடுத்தவர் அதைத் திருத்துவதாக எண்ணி ஒரு சொல்லையே மாற்றுவார். இப்படிச் சேர்ந்த வேறுபாடுகளே பாடபேதங்கள். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். நீங்கள் விளக்கம் எழுதப்போகும் அடியில் வேறு பாடம் இருந்தால், உங்கள் வாதமே மாறிப்போகலாம். எந்தெந்தச் சுவடிகள், அவற்றுக்கு என்ன குறியீடு என்பதைப் பதிப்பாசிரியர் முகவுரையில் சொல்லியிருப்பார். அதைப் படித்தால்தான் அடிக்குறிப்பு புரியும். மலிவுப் பதிப்பில் படித்துப் பழகிய நூலாக இருந்தாலும், மேற்கோளுக்கு ஆய்வுப் பதிப்பையே எடுங்கள்.

*மணிவிழா மலர், நினைவு மலர்.* ஓர் அறிஞரைச் சிறப்பிக்க அவருடைய மாணவர்களும் நண்பர்களும் எழுதிய கட்டுரைகள். தலைப்பைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது, அதனால் பலர் தொடுவதில்லை. பொருளடக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். வேறெங்கும் கிடைக்காத அருமையான கட்டுரை உள்ளே இருக்கலாம்.

*கருத்தரங்கக் கட்டுரைகள்.* புதிய கருத்துகள் இங்கே விரைவாக வரும், தரம் ஏற்றத்தாழ்வாக இருக்கும். ஒவ்வொன்றையும் தனியாக எடைபோடுங்கள்.

*ஆய்வேடுகள்.* பெரும்பாலும் தனி அறையில் இருக்கும், அங்கேயே படிக்க வேண்டும். முன்னாய்வுகளைப் பற்றிய இயல்தான் புதியவருக்குப் புதையல். உங்கள் தலைப்பில் அதுவரை யார் யார் என்ன செய்தார்கள் என்று ஒருவர் உங்களுக்காகவே திரட்டி வைத்ததுபோல் இருக்கும்.

*பாடநூல்.* துறையில் ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டதை வரிசையாகச் சொல்லும். கடைசிப் பதிப்பையே எடுங்கள்.

படி 5: துணைநூற்பட்டியலைப் பிடித்து நடங்கள்

ஒரே தலைப்பில் மூன்று நூல்களை எடுத்து, மூன்றின் துணைநூற்பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்றிலும் வரும் நூல்களைக் குறியுங்கள். அந்தத் துறையில் எல்லாரும் கடந்துவந்த நூல்கள் அவை, அடுத்து அவற்றைத் தேடுங்கள். இந்த வழி பின்னோக்கித்தான் போகும். 1990-இல் வந்த நூலில் 1995-இல் வந்ததற்குக் குறிப்பு இருக்காது. ஆகவே மூன்றில் ஒன்றாவது அண்மையில் வந்ததாக இருக்கட்டும்.

படி 6: அக்கம்பக்கம் பாருங்கள்

தேடிய நூலுக்கு இடப்பக்கம் பத்து, வலப்பக்கம் பத்து நூல்களின் முதுகைப் படியுங்கள். பகுப்பெண் அமைத்தவர்கள் இனத்தோடு இனம் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். கணினியில் தட்டச்சு செய்யத் தோன்றியே இராத ஒரு தலைப்பு அங்கே உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

புரட்டி முடித்த நூல்களை நீங்களே அடுக்கில் திரும்ப வைக்காதீர்கள், மேசையிலேயே விட்டுவிடுங்கள். ஓர் அடுக்கு தள்ளி வைக்கப்பட்ட நூல், பட்டியலில் ‘உள்ளது’ என்று காட்டும். தேடி வருகிறவர் கைக்கு மாதக்கணக்கில் சிக்காது.