மதியம் ஏறும் காய்ச்சல்: பள்ளிக்கூடத்தில் செய்யக்கூடாத தவறுகள்

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் எங்கள் ஐந்தாம் வகுப்பில் இது வாடிக்கை. காலைப் பிரேயரில் தெம்பாக நின்ற பிள்ளை, சாப்பாட்டு மணி அடிக்கும் நேரத்தில் பெஞ்சில் தலை சாய்த்துவிடும். நெற்றியைத் தொட்டால் கொதிக்கும். "காலைல அம்மா மாத்திரை குடுத்தாங்க டீச்சர்" என்று மெதுவாகச் சொல்லும். பாராசிட்டமால் வேலை செய்வது நாலு மணி நேரம், மிஞ்சினால் ஆறு. எட்டு மணிக்குப் போட்டது ஒரு மணிக்கு விட்டுவிடும். அதற்குள் அந்தப் பெஞ்சே இருமலில் நனைந்திருக்கும்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு நாள் வீட்டில் இருந்தால் அன்றைய கூலி போச்சு. என்றாலும் மாத்திரை சூட்டைத்தான் இறக்கும். கிருமி பரவுவதை நிறுத்தாது. மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராதிருந்தால்தான் பிள்ளையை அனுப்ப வேண்டும். இதை மழைக்கு முன்பே பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். காய்ச்சல் வந்த அன்று சொன்னால் 'என் பிள்ளையை விரட்டுறாங்க' என்றுதான் கேட்கும்.

நாங்களும் சும்மா இல்லை. முன்பு வேலை பார்த்த பள்ளியில், வருஷம் முழுக்க லீவே போடாத பிள்ளைக்கு ஒரு டிபன் பாக்ஸ் பரிசு என்று அறிவித்தவள் நான்தான். அந்த டிபன் பாக்ஸுக்காக ஒருத்தி கண் சிவந்து, மூக்கு ஒழுக வந்து உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. அதோடு அந்தப் பரிசை நிறுத்திவிட்டேன்.

அடுத்தது ஜன்னல். சாரல் அடிக்கிறது என்று எல்லாவற்றையும் சாத்திவிட்டு, வாசலில் பிளீச்சிங் பவுடரைக் கோடு போட்டால் என்ன பயன்? ஃப்ளூ தரையிலிருந்து ஏறி வருவதில்லை. பக்கத்தில் இருப்பவர் விடும் மூச்சிலும் இருமலிலும்தான் பெரும்பாலும் வருகிறது. சாரல் படாத பக்கத்து ஜன்னலையும் எதிரே உள்ள கதவையும் திறந்து வைத்தாலே காற்று ஓடும். இருமுகிற பிள்ளையைக் கடைசி பெஞ்ச் மூலைக்கு அனுப்புவது இன்னொரு வழக்கம். எங்கள் வகுப்பில் அந்த மூலையில் பீரோ நிற்கிறது, காற்றே புகாது. வீட்டிலிருந்து ஆள் வரும்வரை அவனை வராந்தாவில் உட்கார வைப்பது மேல்.

"கையை வச்சு இருமு" என்று சொல்லிச் சொல்லியே பழக்கிவிட்டோம். அந்தக் கைதான் தண்ணீர் டம்ளரையும் பக்கத்துப் பையனின் பென்சிலையும் தொடுகிறது. முழங்கை மடிப்பில் இருமச் சொல்லுங்கள். சோப்பு காணாமல் போகிறது என்று பீரோவில் பூட்டுகிற பள்ளிகள் உண்டு. வலைப் பையில் போட்டுக் குழாயில் கட்டிவிட்டால் எங்கேயும் போகாது.

பொன்னுக்கு வீங்கியும் எச்சில், இருமல் வழியாகப் பரவுவதுதான். அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இருப்பது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமான ஊசி. பொன்னுக்கு வீங்கி அதில் இல்லை. 'எல்லா ஊசியும் போட்டாச்சு' என்று நம்பி இருந்துவிடக் கூடாது. கன்னம் வீங்கிய நாளிலிருந்து 5 நாள் பிள்ளை வீட்டில் இருக்கட்டும். வீங்குவதற்கு முன்பே பரவத் தொடங்கிவிடுவதால், பக்கத்தில் உட்கார்ந்தவர்களை மூன்று வாரமாவது கவனிக்க வேண்டும்.

இரண்டு வாரம் தாண்டிய இருமலை 'மழைச் சளி' என்று தள்ளிப்போடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்ப் பரிசோதனை இலவசம், மருந்தும் இலவசம். காசநோய் என்று தெரிந்தால் சில ஆசிரியர்கள் அந்தப் பிள்ளைக்குத் தனித் தட்டு வைக்கிறார்கள், வகுப்பில் பேரைச் சொல்லிவிடுகிறார்கள். தட்டு, டம்ளர் வழியாகக் காசநோய் பரவாது. பேர் வெளியே வந்தால் அடுத்த வீட்டுக்காரர் தன் பிள்ளையின் இருமலை மறைப்பார். பள்ளிக்குத் திரும்பும் நாளை டாக்டர் சொல்லட்டும்.

அண்ணனுக்கு வாங்கி மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கைத் தம்பிக்குக் கொடுப்பதும் வேண்டாம். வைரஸ் காய்ச்சலுக்கு அது கேட்காது.

மூச்சு வாங்குவது, விலா எலும்பு உள்ளே இழுப்பது, உதடு நீலம் பூப்பது இவற்றில் ஒன்றைப் பார்த்தால், பெற்றோர் வரட்டும் என்று ஆபீஸ் ரூம் பெஞ்சில் படுக்க வைக்காதீர்கள். முதல் போன் 108க்கு, அம்மாவுக்கு அடுத்தது.