அபார்ட்மென்ட் கம்போஸ்டில் நாம் செய்யும் தவறுகள்

பெங்களூரில் கொஞ்சம் பெரிய அபார்ட்மென்ட் எதற்குப் போனாலும் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னாலோ காம்பவுண்டுச் சுவர் ஓரமாகவோ கம்போஸ்ட் தொட்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். சில இடங்களில் பக்கத்தில் போனால் மழை நனைத்த மண்ணின் வாசனை வரும். பல இடங்களில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடக்க முடியும். எல்லா வீட்டிலும் அதே காய்கறித் தோல், அதே காபித்தூள், அதே வாழைப்பழத் தோல்தான். அப்படியிருந்தும் இவ்வளவு வித்தியாசம் வருவதற்கு, கம்போஸ்டைக் குப்பை ஒழிக்கும் வேலையாக மட்டும் நினைப்பதுதான் காரணம் என்பது என் எண்ணம். அடுத்து வரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த நினைப்பிலிருந்து வருகிறவைதான்.

அப்படி நினைத்ததற்கும் காரணம் உண்டு. பெங்களூர்க் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டிய மாவள்ளிபுராவிலும் மண்டூரிலும் கிராமத்து மக்கள் 'இனி எங்கள் ஊரில் உங்கள் குப்பையைக் கொட்டாதீர்கள்' என்று போராடி, 2014 கடைசியில் மண்டூருக்கு லாரி போவது நின்றது. 2015 டிசம்பரில் வீட்டுக்கு இரண்டு வாளி, ஒரு பை என்று பிரிக்கச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது. அப்புறம் 2016இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்கவோ எரிவாயுவாக்கவோ வேண்டும் என்றன. ஆக, பல சங்கங்கள் சட்டத்துக்குப் பயந்துதான் இதில் இறங்கின. குப்பை கண்ணில் படாமல் போனால் போதும், மண்ணுக்கு என்ன கிடைக்கிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற நிலை.

இந்த அவசரத்தில் நடக்கும் முதல் தவறு, '24 மணி நேரத்தில் உரம்' என்று விற்கிற மின்சார இயந்திரத்தை வாங்குவது. அது பெரும்பாலும் செய்வது உணவைச் சூடுபடுத்தி, அரைத்து, உலர்த்துவதுதான். வெளியே வருவது பழுப்பு நிறத்தில், உதிரியாக, பார்க்க உரம் மாதிரியே இருக்கும் காய்ந்த சாப்பாட்டுத் தூள். நுண்ணுயிர்கள் அதை இன்னும் தொடவே இல்லை. செடித் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ அது நாறும், பூசணம் பிடிக்கும், செடியின் வேர் வாடும். அரைத்து மரத்தூளும் கல்ச்சரும் (மட்கவைக்கும் நுண்ணுயிர்க் கலவை) கலந்து கொடுக்கிற இயந்திரங்கள் வேறு வகை. அவற்றிலும் அரைத்த கலவையைக் கிரேட்டுகளில் வைத்து வாரக்கணக்கில் பதப்படுத்தியே ஆக வேண்டும். ஏற்கெனவே இயந்திரம் வாங்கிவிட்டீர்கள் என்றால் கவலை வேண்டாம், அதை அரவை இயந்திரமாக மட்டும் வைத்துக்கொண்டு, வெளியே வரும் தூளைச் சருகோடு கலந்து தொட்டியில் மறுபடி மட்க விடுங்கள்.

அடுத்தது சருகுப் பஞ்சம். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட வருத்தம் தரும் தவறு. சமையலறைக் கழிவில் நைட்ரஜனும் ஈரமும் அதிகம், கார்பன் குறைவு. நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்ய ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். அந்தக் கார்பன் காய்ந்த இலையிலிருந்துதான் வர வேண்டும். ஒரு வாளி ஈரக்குப்பைக்கு இரண்டு வாளி சருகு என்று அளந்து போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அந்தச் சருகு நம் காலடியிலேயே கிடக்கிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பெங்களூர்ச் சாலைகளில் புங்கமும் தூங்குமூஞ்சி மரமும் கொட்டுகிற இலையைப் பெருக்கி, மூட்டை கட்டி, குப்பை வண்டியில் ஏற்றுகிறோம், சில இடங்களில் தடையை மீறி எரிக்கவும் செய்கிறோம். செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும்போது தொட்டி சகதியாகிவிட, காசு கொடுத்துக் கோகோபீட், அதாவது தென்னை நார்த்தூள், வாங்குகிறோம்! அதிலும் கார்பன் உண்டுதான், ஆனால் அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு ஒன்றோடொன்று அழுந்திப்போகும். முழு இலை கொடுக்கிற காற்று இடைவெளியை அது கொடுப்பதில்லை. எனவே இலை உதிரும் மாதங்களில் பழைய அரிசிச் சாக்குகளில் சருகை அமுக்கி நிரப்பி, மழை படாத இடத்தில் பத்திரப்படுத்துங்கள். பக்கத்துத் தெரு இலையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஈரத்தைச் சரியாகப் பார்க்காததும் பெரிய தவறு. நம் வீடுகளில் மிஞ்சுவது சாலட் இல்லை, சாம்பாரும் ரசமும் மோர்க்குழம்பும். அதை அப்படியே வாளியில் ஊற்றினால் காற்று போகிற சந்தெல்லாம் தண்ணீரால் அடைபட்டு, காற்று வேண்டாத நுண்ணுயிர்கள் பெருகி, அழுகிய முட்டை நாற்றம் வரும். வடிகட்டி, கெட்டியானதை மட்டும் போடச் சொல்லுங்கள். ஊறுகாய், அப்பளம், எண்ணெய் மிதக்கும் குருமா ஆகியவற்றைக் குறைவாகப் போடுவது நல்லது, ஏனென்றால் உப்பு மட்காது, உரத்தோடு சேர்ந்து மண்ணுக்கே போகும். ஈரம் சரியா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. குவியலின் நடுவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப்பார்த்தால் போதுமான ஈரம். தண்ணீர் ஓடினால் சருகு போடுங்கள், கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். அழுகிய முட்டை வாடைக்குப் பதிலாக மூக்கில் ஏறும் அமோனியா நெடி வந்தால் நைட்ரஜன் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். அதற்கும் மருந்து சருகுதான்.

'மக்கும் பை' என்று அச்சடித்த உறைகளோடு குப்பையைப் போடாதீர்கள். அவை தொழிற்சாலை அளவிலான, சூடு நிலையாக நிற்கிற குவியல்களுக்கானவை. நம் தொட்டியில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பூஜைப் பூவிலும் கவனம் வேண்டும். வாழைநாரில் கட்டிய மல்லிகை மட்கிவிடும், நைலான் நூலில் கட்டிய மாலை மட்காது, கிளறும் கம்பியைச் சுற்றிக்கொள்ளும். ஆயுத பூஜைக்கு மறுநாள் வரும் உடைத்த பூசணிக்காயில் காசும் குங்குமமும் இருக்கும். காசை எடுத்து, கழுவி, துண்டாக்கிப் போடுங்கள். தேங்காய் ஓடு தனி.

புழுவைப் பார்த்து பீதியடைவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழுத்த, பழுப்பு நிறப் புழுக்கள் நெளிந்தால் அவை பெரும்பாலும் கருப்புப் படைவீரன் ஈயின் இளம்புழுக்கள். கடிக்காது, நோய் பரப்பாது, சாப்பாட்டை வேகமாகத் தின்று தீர்க்கும். யாரோ ஒரு மாடி வீட்டுக்காரர் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டதும் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் கொட்டுவது நடக்கிறது. அதில் புழுவோடு நுண்ணுயிரும் செத்து, மொத்தக் குவியலும் வீணாகிவிடும். புழு அதிகமானால் மேலே நான்கு விரற்கடைக்குச் சருகு மூடுங்கள், ஈரத்தைக் குறையுங்கள், போதும்.

அப்புறம், ஹவுஸ்கீப்பிங் அண்ணனிடமோ அக்காவிடமோ பொறுப்பைத் தள்ளிவிட்டு மறந்துவிடுவது. இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். மேலே இருக்கிறவர் அலட்சியமாகப் போட்ட உடைந்த கண்ணாடியையும் டயாப்பரையும் கீழே இருக்கிறவர் வெறுங்கையால் பொறுக்க வேண்டியிருக்கிறது. பிரிக்காத வாளியை வாங்கவே கூடாது என்று சங்கம் முடிவெடுத்து, அந்த முடிவுக்கு அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும். கையுறை, தோட்ட வேலைக்கான முள்கரண்டி, கிளறுகிற வேலைக்குத் தனி ஊதியம் எல்லாம் தொட்டி வாங்கும் பட்ஜெட்டிலேயே வர வேண்டியவை. குடியிருப்பவர்களில் இரண்டு பேராவது வாரம் ஒருமுறை நேரில் போய், ஒரு இரும்புக் கம்பியைக் குவியலுக்குள் பத்து நிமிடம் செருகி எடுத்துத் தொட்டுப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாமல் சுட்டால் வேலை நடக்கிறது. உள்ளே 55 டிகிரிக்கு மேல் சில நாட்கள் நின்றால்தான் நோய்க்கிருமியும் களை விதையும் சாகும், அந்தச் சூடு நிற்கக் குவியல் குறைந்தது மூன்றடி நீள, அகல, உயரம் இருக்க வேண்டும். சூடு தணிந்ததும் கிளறுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு, கறுப்பாகத் தெரிந்ததும் அள்ளிச் செடிக்குப் போட்டுவிடுவது பரிதாபமான தவறு. சூடு தணிந்த பிறகும் ஓரிரு மாதம் ஆறப்போட வேண்டும். பாதி மட்கிய உரத்தை மண்ணில் கலந்தால், நுண்ணுயிர்கள் மீதி வேலையை முடிக்க மண்ணிலிருக்கும் நைட்ரஜனையே இழுத்துக்கொள்ளும். அப்போது செடி மஞ்சளடிக்கும், ஆட்கள் 'கம்போஸ்ட் சரியில்லை' என்று யூரியா பக்கம் போய்விடுவார்கள். இரண்டு சோதனைகள் உண்டு. ஈரமான உரத்தை ஜிப் பையில் அடைத்து மூன்று நாள் வைத்துத் திறந்தால் மண்வாசனை மட்டும் வர வேண்டும், புளித்த வாடை வரக் கூடாது. இன்னொன்று, ஒரு தட்டில் வெறும் மண், இன்னொன்றில் பாதி மண் பாதி உரம், இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் வெந்தயம். உரம் கலந்த தட்டில் முளைப்பு குறைந்தால் இன்னும் பொறுங்கள். அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை நகர்ப்புறக் கம்போஸ்டுக்குக் கார்பன் நைட்ரஜன் விகிதம் 20க்குக் கீழே, கரிமக் கார்பன் குறைந்தது 12 சதவீதம் என்று வைத்திருக்கிறது. பெரிய வளாகங்கள் வருடம் ஒருமுறை மண் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம்.

கடைசியில் மண். பெங்களூரின் செம்மண்ணில் கரிமப்பொருள் குறைவு, அபார்ட்மென்ட் தோட்டத்திலோ கட்டடம் கட்டும்போது லாரிகள் ஏறி இறங்கி அமுங்கிப்போன மண், அதற்கு மேல் கட்டட இடிபாடு. அங்கே உரத்தை மரத்தின் அடித்தண்டைச் சுற்றிக் குவிப்பது தப்பு, பட்டை அழுகும். உணவு உறிஞ்சும் வேர்கள் கிளைப் பரப்பின் ஓரம்வரை போயிருக்கும், அங்கே ஓரிரு அங்குலம் பரப்பி, மேலே சருகு மூடுங்கள். ஆழமாகக் கொத்திக் கலக்க வேண்டாம், பூஞ்சை இழைகள் அறுந்துவிடும். மண்புழு கீழே கொண்டுபோகும். தொட்டிச் செடிக்கு வெறும் உரம் வேண்டாம், மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு போதும். கம்போஸ்ட் தொட்டியின் அடியில் வடியும் நீரைக் கீரைக்கு ஊற்றவே ஊற்றாதீர்கள். மற்றச் செடிக்கும் பத்து மடங்கு தண்ணீர் சேர்க்காமல் ஊற்றாதீர்கள்.

உரம் மிஞ்சினால் ராஜகாலுவே எனும் மழைநீர்க் கால்வாய் ஓரமாக மூட்டையைச் சாய்த்து வைக்காதீர்கள், ஒரு மழையில் கரைந்து ஏரிக்குப் போய் ஆகாயத்தாமரைக்குத்தான் உரமாகும். பக்கத்துப் பள்ளிக்கோ பூங்காவுக்கோ கொடுங்கள், மே மாத முதல் மழைக்குக் கொஞ்சம் முன்னால் கொடுத்தால் பரப்பவும் வசதி, மண்ணுக்குள் இறங்கவும் நேரமிருக்கும்.