வகுப்புத் தோழரின் கட்டுரை வரைவுக்குக் கருத்துச் சொல்வது எப்படி?

“படித்துப் பார்த்துச் சொல்லேன்” என்று வகுப்புத் தோழர் தாளை நீட்டுகிறார். பெரும்பாலோர் “நன்றாக இருக்கிறது” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சிலர் சிவப்புப் பேனாவை எடுத்து ஒற்றுப்பிழைகளை வட்டமிடத் தொடங்குவார்கள். இரண்டாலும் கட்டுரை தேறாது. எழுதியவருக்குத் தெரிய வேண்டியது, படிப்பவர் எந்த வரியில் தடுக்கி நின்றார் என்பதுதான்.

வேலூர் மாணவர்களுக்குப் பழகிய தலைப்பையே எடுத்துக்கொள்வோம்: 1806 வேலூர்ப் புரட்சி.

1. முதல் வாசிப்பில் பேனா வேண்டாம். முன்னுரையிலிருந்து முடிவுரை வரை ஒரே மூச்சில் படியுங்கள்.

2. தாளை மூடி வைத்துவிட்டு, கட்டுரை சொல்ல வருவதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையா? அதுவே நீங்கள் சொல்ல வேண்டிய முதல் கருத்து.

3. இப்போது பென்சிலோடு மறுபடி படியுங்கள். புரியாத இடத்தில் கோடு போட்டு, பக்கத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள். வரைவில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: “ஆங்கிலேயரின் கொடுமையால் சிப்பாய்கள் கொதித்தெழுந்தனர். ஜூலை 10 அன்று கோட்டையைக் கைப்பற்றினர்.” பிழையில்லாத தமிழ்தான், ஆனால் எந்தக் கொடுமை? ‘விளக்கம் போதாது’ என்று ஓரத்தில் எழுதினால் அவர் விழிப்பார். ‘எந்த உத்தரவு அவர்களைக் கோபப்படுத்தியது?’ என்று கேளுங்கள். தேடிப் போனால் விடை கிடைக்கும்: நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் சேர்ந்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும். விடையை நீங்களே எழுதிக் கொடுக்கக் கை துறுதுறுக்கும்; அடக்கிக்கொள்ளுங்கள்.

4. தகவல் பிழையை மட்டும் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். கோட்டையில் திப்பு சுல்தான் சிறைவைக்கப்பட்டிருந்தார் என்று எழுதியிருக்கலாம். திப்பு 1799இலேயே ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் இறந்துவிட்டார். வேலூரில் காவலில் இருந்தவர்கள் அவருடைய பிள்ளைகளும் குடும்பத்தாரும். “சரிபார்த்துக்கொள், இது பிள்ளைகளைப் பற்றிய செய்தி என்று நினைக்கிறேன்” என்றால் போதும். வகுப்பே கேட்கும்படி சொல்ல வேண்டியதில்லை.

5. பாராட்டுக்கும் இடம் குறிப்பிடுங்கள். ‘ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து சேரும் பத்தியில் வேகம் இருக்கிறது’ என்று சொன்னால், அந்தப் பத்தியைத் திருத்தும்போது அவர் கெடுக்க மாட்டார்.

6. ஒற்றும் எழுத்துப்பிழையும் கடைசியில். பத்தியே நீக்கப்படலாம் என்னும்போது அதிலுள்ள சந்தியைத் திருத்தி என்ன பயன்?

7. தாளைக் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். முக்கியமான இரண்டு மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இருபது குறை சொன்னால் எதிலிருந்து தொடங்குவது என்றே அவருக்குத் தெரியாது. அவர் மறுத்தால் வாதாட வேண்டாம், கட்டுரை அவருடையது. திருத்திய வரைவு வந்ததும் நீங்கள் கோடு போட்ட இடங்களை முதலில் பாருங்கள்: அங்கே கேட்ட கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறதா?