எஞ்சின் வேலை: கராஜுக்கு விடுவதா, நாமே செய்வதா? செலவைக் கணக்குப் பார்ப்பது எப்படி

கார் சூடேறுகிறது, புகை தள்ளுகிறது, கராஜில் "எஞ்சின் இறக்க வேணும்" என்கிறார்கள். தொகையைக் கேட்டதும் நாமே கழற்றினால் என்ன என்று தோன்றும். நியாயம்தான். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் பலர் பழைய காரைத்தான் பேணி ஓடுகிறோம். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: நாமே செய்தால் மிச்சமாவது கூலி மட்டும்தான். பாகங்களின் விலையும் லேத் (உலோகப் பாகங்களைக் கடைந்து மட்டம் பிடிக்கும் பட்டறை) செலவும் யார் செய்தாலும் ஒன்றுதான்.

படி 1: வருத்தம் என்னவென்று பாருங்கள்

நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல்தான், அதற்கு எஞ்சினை இறக்கத் தேவையில்லை. தடித்த வெள்ளைப் புகையோடு றேடியேற்றர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கஸ்கெற்றைச் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப்பாகத்துக்கும் இடையில் இருக்கும் அடைப்புத் தகடு) சந்தேகியுங்கள்.

அடுத்தது கொம்பிரஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று மீற்றரால் அளப்பது. எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, பெற்றோல் வரத்தையும் இக்னிஷனையும் துண்டித்து, எல்லா பிளக்கையும் கழற்றுங்கள். மீற்றரைப் பிளக் துளையில் பூட்டி, அக்சிலேற்றரை முழுதாக மிதித்தபடி ஐந்தாறு சுற்று சுற்றவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் வரும் அளவை எழுதுங்கள். பெற்றோல் கார்களில் பெரும்பாலும் 150 முதல் 190 பிஎஸ்ஐ வரை காட்டும். ஒன்று மட்டும் நன்றாகக் குறைந்திருந்தால், அதற்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பிழை வால்விலோ கஸ்கெற்றிலோ இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் குறைவென்றால், அவற்றுக்கு இடையில் கஸ்கெற் போயிருக்கலாம்.

புகைக்காக எஞ்சினை இறக்கச் சொன்னால், இந்தச் சோதனையைச் செய்யாமல் சம்மதிக்காதீர்கள். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

படி 2: தொகையைப் பிரித்துக் கேளுங்கள்

இரண்டு மூன்று கராஜில் பாகங்கள், லேத், கூலி என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பாகங்களின் விலையை இங்குள்ள கடைகளிலும், தெரிந்தவர் இருந்தால் வாகனப் பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையிலும் விசாரியுங்கள். சாமான் இரவு பஸ்ஸில் வந்துவிடும். அப்புறம் கூலியில் இருந்து இவற்றைக் கழியுங்கள்: டோர்க் ஸ்பானர் (சொன்ன அளவுக்கு இறுக்குவது), சொக்கெற் செற், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வாங்கும் காசு, கார் இல்லாத நாட்களின் ஓட்டோச் செலவு. மிஞ்சுவது சின்னத் தொகை என்றால் கராஜுக்கே விடுங்கள்.

பழைய, எளிய எஞ்சின் என்றால், கையேடு வைத்துக்கொண்டு ஹெட் கஸ்கெற் மாற்ற ஒரு புதியவரால் முடியும். சிலிண்டரைப் போர் அடிப்பது (உட்சுவரைக் கடைவது), கிராங் பெயரிங் மாற்றுவது எல்லாம் மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. அளக்கக் கருவியும் கைப்பழக்கமும் இல்லாமல் தொடவே வேண்டாம். பழைய ஜப்பான் எஞ்சின் ஒன்றை வாங்கி மாற்றுவதென்றால், பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தையும் மாற்ற வேண்டும்.

நான் நல்லது என்று நினைப்பது நடுவழி: ஹெட்டை நாமே கழற்றி லேத்துக்குக் கொடுத்து, திரும்ப நாமே பூட்டுவது.

படி 3: கழற்றுதல்

எஞ்சின் முழுதாக ஆறட்டும். பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். ஒவ்வொரு குழாயையும் வயரையும் படம் எடுங்கள். ரைமிங் குறிகளை (வால்வும் பிஸ்டனும் ஒத்து ஓடுவதற்குக் கப்பிகளில் உள்ள அடையாளங்கள்) நேருக்குக் கொண்டுவந்த பிறகே ரைமிங் பெல்ற்றைக் கழற்றுங்கள். ஹெட் போல்ற்றுகளை வெளியில் இருந்து உள்ளே, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒரு மட்டையில் ஹெட் வடிவில் துளையிட்டு, ஒவ்வொரு போல்ற்றையும் அதன் இடத்திலேயே குத்தி வையுங்கள்.

நேரான இரும்பு விளிம்பை ஹெட்டின் மேல் குறுக்காக வைத்து ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். பல எஞ்சின்களில் 0.05 மில்லிமீற்றர்தான் எல்லை. அதைவிடத் தடித்த தகடு நுழைந்தால் ஹெட் வளைந்துவிட்டது, லேத்தில் மட்டம் பிடிக்க வேண்டும். வெடிப்பு உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 4: பூட்டுமுன் தண்ணீர்

குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணீரை றேடியேற்றருக்குள் விட்டால் உள்ளே உப்புப் படிந்து, வழி அடைத்து, எஞ்சின் சூடேறும். கஸ்கெற் எரிந்ததற்கு மூலகாரணமே இதுவாக இருக்கலாம். றேடியேற்றரைத் துப்புரவாக்கி, தேர்மோஸ்ராற்றைச் சோதித்து, கூலன்றைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து விடுங்கள். இதைச் செய்யாமல் பூட்டினால் புதுக் கஸ்கெற்றும் போய்விடும்.

படி 5: பூட்டுதல்

கையேட்டில் உள்ள டோர்க் அளவுக்கு, நடுவில் இருந்து வெளியே, கட்டம் கட்டமாக இறுக்குங்கள். இழுபடும் வகைப் போல்ற் (இறுக்கும்போது நீண்டுவிடுவது) என்றால் புதிது போடுங்கள். ஸ்டார்ட் பண்ணுமுன் ரைமிங் குறியைச் சரிபார்த்து, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது தட்டினால் நிறுத்துங்கள்.

ஒயிலும் ஃபில்ற்றரும் புதிது. ஓடத் தொடங்கிய முதல் வாரம் தினமும் காலையில் ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் தேத்தண்ணி நிறமாக மாறினால் தண்ணீர் கலக்கிறது. பெயரிங் கெடுமுன் காரை நிறுத்தி, கராஜுக்குக் கட்டி இழுத்துப் போங்கள்.