டெங்குல ப்ளேட்லெட் நம்பரை மட்டும் பாத்துட்டு இருக்காதீங்க

மழை சீசன்ல கேஷுவாலிட்டி பக்கம் போனா எல்லார் வாய்லயும் ஒரே கேள்விதான், ப்ளேட்லெட் எவ்ளோ? நேத்து 80 ஆயிரம், இன்னிக்கு 45 ஆயிரம்னா வீடே கலங்கிப் போய் வாட்ஸாப் குரூப்ல டோனர் தேட ஆரம்பிச்சிடுறாங்க. நார்மலா ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்கணும், சரிதான். ஆனா டெங்குல பெரியவங்களுக்கும் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து வர்றது ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசிஞ்சு வெளிய போய் பிரஷர் விழுறதாலதான். அதை விட்டுட்டு நம்பரை மட்டும் பாக்குறதுதான் பெரிய தப்பு.

அடுத்தது, காய்ச்சல் விட்டுடுச்சு இனி பயமில்லன்னு வீட்டுக்குக் கூட்டிட்டு போறது. இதைப் பாத்தா மனசு பதறுது, ஏன்னா கசிவு ஆரம்பிக்கிறதே மூணாம் நாள்ல இருந்து ஏழாம் நாளுக்குள்ள, காய்ச்சல் இறங்குற அந்த நேரத்துலதான், அப்புறம் 24ல இருந்து 48 மணி நேரம் ரொம்ப உஷாரா இருக்கணும். விடாத வயித்து வலி, வாந்தி நிக்காம இருக்கிறது, ஈறுல ரத்தம், ஆள் சோர்ந்து போறது இல்ல நிலை கொள்ளாம இருக்கிறது, இதுல ஒண்ணு இருந்தாலும் ராத்திரின்னு பாக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

அங்க போயும் பிரஷர் 100/80ன்னு வந்தா நார்மல்தானேன்னு விட்டுடக்கூடாது. மேல இருக்குற நம்பருக்கும் கீழ இருக்குறதுக்கும் இடைவெளி 20 அளவுக்கு சுருங்கிடுச்சுன்னா, கை கால் சில்லுன்னு இருந்து யூரினும் கம்மியா போச்சுன்னா, அது ஷாக்தான், அதாவது உடம்புக்கு ரத்த ஓட்டம் பத்தாத நிலை. எப்பவும் 150 இருக்குற பிபி பேஷண்டுக்கு 110ங்கிறதே விழுந்த மாதிரிதான், அதனால வழக்கமா எவ்ளோ இருக்கும்னு டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. ரிப்போர்ட்ல ப்ளேட்லெட்டோடயே பிசிவின்னு ஒரு லைன் இருக்கும், ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்னு சொல்றது, அதையும் பாருங்க. 40ல இருந்தது 48 ஆச்சுன்னா 20 சதவீதம் ஏறிருக்கு, ரத்தம் கெட்டியாகுது, நீர் வெளிய போகுதுன்னு அர்த்தம்.

உடம்பு வலிக்குதுன்னு ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் எல்லாம் மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போடாதீங்க, ரத்தக்கசிவு ஜாஸ்தியாகும். இடுப்புல ஊசியும் வேண்டாம். பாராசிட்டமால் போதும், அதுவும் அளவோட, டெங்குல லிவர் ஏற்கனவே அடி வாங்கியிருக்கும். ஹார்ட்டுக்கு ஆஸ்பிரின் எடுக்குறவங்க மட்டும் தானா நிறுத்தாம டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

ப்ளேட்லெட் ஏத்துங்க டாக்டர்னு சண்டை போடுறது இன்னொண்ணு. சிங்கப்பூர்லயும் மலேசியாலயும் 20 ஆயிரமோ அதுக்கும் கீழயோ இருந்த பெரியவங்களை வச்சுப் பண்ண ஆராய்ச்சி 2017ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு, ரத்தக்கசிவு இல்லாதவங்களுக்கு முன்கூட்டியே ஏத்துனதுல ரத்தக்கசிவு குறையல, பக்க விளைவுதான் கூடிச்சு. நல்லா ரத்தம் போச்சுன்னா கதை வேற, அப்ப ஏத்தணுமான்னு டாக்டர் முடிவு பண்ணுவாங்க. சில சமயம் டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்த ட்யூப்லயே ப்ளேட்லெட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு மெஷின் கம்மியா காட்டும், திடீர்னு நம்ப முடியாத நம்பர் வந்தா ஸ்மியர், அதாவது ரத்தத்தை கண்ணாடியில தடவி மைக்ராஸ்கோப்ல பாக்கச் சொல்லிக் கேக்கலாம், தப்பில்ல.

பப்பாளி இலைச் சாறை நம்பி வீட்லயே ரெண்டு நாள் ஓட்டுறவங்களும் இருக்காங்க. வாந்தி எடுக்குற ஆளுக்கு அந்தக் கசப்பை ஊத்துனா இன்னும் வாந்திதான், அதுக்குப் பதிலா ஓஆர்எஸ், கஞ்சி, இளநீர் கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. ஆனா ட்ரிப்ஸ் நிறைய ஏத்துனா நல்லதுன்னு நர்ஸை நச்சரிக்காதீங்க, கசிஞ்ச நீர் ரெண்டு மூணு நாள்ல திரும்ப ரத்தத்துக்குள்ளயே வரும், அப்பவும் ட்ரிப்ஸ் ஓடிட்டு இருந்தா நுரையீரல்ல நீர் கோத்து மூச்சு வாங்கும், ஏற்கனவே ஹார்ட், கிட்னி பிரச்சனை இருக்குற பெரியவங்களுக்கு இது இன்னும் சீக்கிரமா வந்துடும்.