சேலத்து மாடியில் பழகி, கூட்டமான அலையில் சர்ஃபிங்

சேலத்துக்குக் கடல் இல்லைதான். ஆனாலும் சர்ஃபிங், அதாவது பலகையில் நின்று அலையில் சறுக்குவது, பழகும் வேலையில் பாதியை மொட்டை மாடியிலேயே முடித்துவிடலாம். யோகா மேட் விரியுங்கள், கோரைப்பாய் வழுக்கும். குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை விலாவுக்குப் பக்கத்தில் ஊன்றி, மார்பைத் தூக்கி, ஒரே வீச்சில் இரண்டு காலையும் அடியில் இழுத்துப் பக்கவாட்டில் நில்லுங்கள். தினமும் 20 முறை. முழங்காலை ஊன்றி எழுந்து பழகினால் அலையிலும் அதுவே வரும். அதற்குள் அலை கடந்துவிடும்.

நீச்சல் தெரியாவிட்டால் இறங்கவே வேண்டாம்.

கோவளத்திலோ புதுச்சேரியிலோ முதல் சில நாள் இடுப்பளவுத் தண்ணீரில், உடைந்த நுரையிலேயே பழகுங்கள். உள்ளே போனால், அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்குத்தான் அந்த அலை. அவர் போர்டில் எழுந்துவிட்டால் நீங்கள் கையால் தண்ணீரைத் துழாவுவதை நிறுத்துங்கள். சறுக்கி வருபவரின் குறுக்கே போகாதீர்கள், நுரைப் பக்கமாகச் சுற்றிப் போங்கள். முகத்தில் அடிக்கும், பரவாயில்லை.

புதியவர்களின் பெரிய தப்பு, நுரையைக் கண்டதும் போர்டை விட்டுவிட்டு முங்குவது. 9 அடி போர்டும், அதைக் காலோடு கட்டும் கயிறான 9 அடி லீஷும் நீண்டால், பின்னால் 18 அடிக்குள் இருப்பவர் மண்டை உடையும். விழுந்தால் கையால் தலையை மூடிக்கொண்டே மேலே வாருங்கள்.