அறுவை சிகிச்சைக்குப் பின் தள்ளாட்டமா? எழவும் நிற்கவும் திரும்பவும் பழகும் முறை

ஆபரேஷனுக்குப் பிறகு நேராக நடப்பதைவிட, எழும்போதும் திரும்பும்போதும் எட்டி எதையாவது எடுக்கும்போதும்தான் கால் தடுமாறும். அதனால் நடைப்பயிற்சிக்கு முன்னால் எழுந்திருக்கப் பழகுங்கள்.

ஏன் தள்ளாடுகிறது?

கண், உள்காது, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள உணர்ச்சி நரம்புகள் ஆகிய மூன்றும் அனுப்பும் தகவலை வைத்துத்தான் மூளை உடம்பை நிமிர்த்தி வைக்கிறது. சில நாள் படுத்தே கிடந்தால் தொடைத் தசை இளைத்துவிடும். இரத்த இழப்பு, தண்ணீர் போதாமை, வீரியமான வலி மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் சேர்ந்தால், எழுந்ததும் இரத்த அழுத்தம் சரியும். எழுந்து 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

படி 1: படுக்கையிலிருந்து எழுவது

படுத்தபடியே இரண்டு பாதங்களையும் மேலும் கீழுமாக 10 முறை அசையுங்கள். கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளும். பிறகு முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாக உருள, ஒருக்களித்துப் படுங்கள். காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே, முழங்கையையும் உள்ளங்கையையும் ஊன்றி எழுந்து உட்காருங்கள். வயிற்றில் தையல் இருப்பவர் மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழக் கூடாது, தையல் இழுக்கும். இடுப்பு மூட்டு மாற்றியவருக்கும் முதுகெலும்பு ஆபரேஷன் ஆனவருக்கும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. அவர்கள் பிசியோதெரபிஸ்ட் சொன்னபடியே எழ வேண்டும்.

உட்கார்ந்து ஒரு நிமிடம். எழுந்து நின்று, கட்டிலைத் தொட்டபடி இன்னும் அரை நிமிடம். கண் இருட்டினால் உடனே உட்காருங்கள். 'இதோ பாத்ரூம் பக்கத்தில்தானே' என்று அந்த நேரத்தில் எடுத்து வைக்கும் நாலு எட்டுதான் ஆளைக் கவிழ்க்கும்.

படி 2: வாக்கர், கைத்தடி

செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள். பிடி உங்கள் மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். உயரம் குறைந்தால் கூன் விழும், கூடினால் தோள் தூக்கிக்கொள்ளும்.

தடியை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடியுங்கள். பலரும் ஆபரேஷன் ஆன கால் பக்கமே பிடிக்கிறார்கள். அப்போது உடம்பின் பாரம் அந்தக் கால் பக்கமே சாயும். தடியும் ஆபரேஷன் ஆன காலும் ஒன்றாக முன்னே போக, நல்ல கால் பின்தொடரும். படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் ஆபரேஷன் ஆன காலும் முதலில்.

நாற்காலியிலிருந்து எழ வாக்கரைப் பிடித்து இழுக்காதீர்கள், அது உங்கள் மேலேயே சாயும். நாற்காலிக் கையை ஊன்றி எழுந்த பிறகே வாக்கரைப் பிடியுங்கள். தடியின் அடி ரப்பர் தேய்ந்து வழவழப்பானால் மாற்றிவிடுங்கள்.

படி 3: திரும்புவது

ஒரே காலில் சுழலாதீர்கள். கடிகார முள் போலச் சின்னச் சின்ன எட்டாக வைத்து, உடம்பு முழுவதையும் திருப்புங்கள். உட்காரும் முன் நாற்காலி விளிம்பு இரண்டு கெண்டைக்காலிலும் படுகிறதா என்று உணருங்கள்.

படி 4: நிற்கும் பயிற்சி

மருத்துவர் அனுமதித்த பிறகு மட்டும். முன்னால் உறுதியான மேடை, பின்னால் நாற்காலி, பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும். முதலில் கால்களைச் சேர்த்து 10 விநாடி நில்லுங்கள். அது 30 விநாடி வரை தடுமாறாமல் வந்தால், ஒரு பாதத்தை அரை அடி முன்னே வையுங்கள். அதன் பிறகு முன் பாதத்தின் குதிகாலும் பின் பாதத்தின் கட்டைவிரலும் தொட்டபடி ஒரே கோட்டில். கண்ணை மூடி நிற்பதைத் தனியாக முயல வேண்டாம்.

உள்காது ஆபரேஷன் ஆனவருக்கு வேறு பயிற்சி. கட்டைவிரலைக் கை நீட்டிப் பிடித்து, பார்வை அதிலேயே நிற்க, தலையை மட்டும் இடம் வலமாக மெதுவாகத் திருப்ப வேண்டும். லேசாகக் கிறுகிறுக்கும், மூளை பழகுவதே அதனால்தான். தலைச்சுற்றல் மாத்திரையை நாள்கணக்கில் நீட்டினால் அந்தப் பழக்கம் தள்ளிப்போகும். எப்போது நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

உடனே மருத்துவமனை

வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலமிழப்பு, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல் ஒழுகுவது: இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது.

விழுந்துவிட்டால் துள்ளி எழாதீர்கள். எங்கே வலிக்கிறது என்று முதலில் பாருங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும் அன்றே காட்டிவிட வேண்டும்.